மேனேஜருக்கு யார் தைரியம் சொல்றது?

காலையில கேளம்பாக்கம் ஜங்ஷன்ல நின்னு, சிறுசேரி சிப்காட் போற கம்பெனி பஸ்களைப் பாருங்க. பாதிப் பேர் தூக்கத்துல, மீதிப் பேர் மொபைல்ல. வேலையில மனசு ஒட்டுதா உங்களுக்கு?

கேலப் நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, உலகில் ஈடுபாட்டோடு வேலை செய்பவர்கள் 21 சதவிகிதம்தான். மேனேஜர்களிடமே அது ஒரே வருடத்தில் 30-லிருந்து 27 ஆகிவிட்டது. அவர்களில் மேனேஜர் வேலைக்கான பயிற்சி பெற்றவர்கள் 44 சதவிகிதம் மட்டுமே. நல்லா கோடிங் எழுதுபவரை டீம் லீட் ஆக்குகிறார்கள். ஆட்களை நடத்தச் சொல்லித் தருவதில்லை.

2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக டி.சி.எஸ் அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மூத்த ஊழியர்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுபவர் டீமுக்கு எப்படித் தெம்பு தருவார்?

டீம் லன்ச் மட்டும் போதாது. லீடர்ஷிப் கோச்சிங் முதலில் டீம் லீடுகளுக்குத்தான் வேண்டும். அதுவரை, வாரம் 15 நிமிஷம் தனியாப் பேச நீங்களே நேரம் கேளுங்க!