பச்சை எரிஞ்சா அலைன்மெண்ட் ஆயிடுச்சா?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். எனக்குத் தெரிந்த ஒரே கருவி கால்குலேட்டர். "நீ யாருடா இதைச் சொல்ல?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்: காசு கொடுத்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

போன வருடம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் ஆயாவைக் காட்டிவிட்டு அப்பாவும் நானும் கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் முன்பக்க இடது டயர் படார். முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்த புண்ணியத்தில் நாங்களும் நாற்பதில்தான் போனோம். அப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓரங்கட்டினார். பின்சீட்டில் ஆயா "என்னடா, பட்டாசா?" என்று கேட்டது. தீபாவளி நேரம் வேறு, அதன் மேல் தப்பில்லை.

நனைந்துகொண்டே டயரைக் கழற்றிப் பார்த்தால், வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஷோரூமில் வைக்கலாம். உள்பக்க விளிம்பு மட்டும் மொட்டை. கம்பி தெரிகிறது. வலது டயரும் அதே கதை, வெடிக்காதது மட்டும்தான் பாக்கி. வாங்கி ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. அந்த ஒன்பதாயிரத்துக்குள் மூன்று தடவை வீல் அலைன்மெண்ட் செய்திருந்தோம்! மூன்றும் ஒரே கடை. கண்ணாடி ரூம், ஏசி, பெரிய மானிட்டர், சக்கரத்தில் மாட்டுகிற பளபள பலகைகள். கடை எது, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு கடையைத் திட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவீர்கள். என் சண்டை ஒரு கடையோடு இல்லை. மானிட்டரில் பச்சை எரிந்தவுடன் பர்ஸைத் திறக்கிற பழக்கத்தோடு. அதாவது எங்க அப்பாவோடும் சேர்த்துத்தான்.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது அளக்கிறது. அளக்க மட்டும்தான் செய்கிறது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்றால் உடம்பு இளைக்குமா? "3டி அலைன்மெண்ட்" என்று போர்டு போட்டால் ஏதோ கேமரா வந்து சக்கரத்தை நேராக்கிவிடும் என்கிற மாதிரி ஒரு நம்பிக்கை நமக்கு. நேராக்குவது கீழே குனிந்து ஸ்பேனர் பிடிக்கிற ஆள். அவர் எதைத் திருப்பினார், எவ்வளவு திருப்பினார் என்பதுதான் விஷயம்.

திருப்புவதற்கும் அதிகம் இல்லை. டோ, கேம்பர், கேஸ்டர் என்று மூன்று கோணம் சொல்வார்கள். டோ என்றால் மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் மூக்கு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது. கேம்பர், முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது. கேஸ்டர், ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்னே பின்னே சாய்ந்திருப்பது. நம் ஊரில் ஓடுகிற சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதில் டை ராடைத் திருகி டோவை மாற்றலாம். மற்ற இரண்டுக்கும் பல கார்களில் திருகாணியே கிடையாது. கேம்பர் தப்பாக இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று கண்டுபிடித்து மாற்ற வேண்டும். சில இடங்களில் ஜாக்கி கொடுத்து ஸ்ட்ரட்டையே நெளித்துப் பச்சைக்குக் கொண்டுவருகிறார்கள். கேட்டால் "கேம்பர் கரெக்ஷன்", அதற்குத் தனி சார்ஜ்.

டோ கொஞ்சம் தப்பினால் என்ன ஆகும்? இங்கேதான் என் கால்குலேட்டருக்கு வேலை. ஒரு சக்கரம் அரை டிகிரி கோணலாக நிற்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஒரு தடவை போய்ச் சேருவதற்குள் கிட்டத்தட்ட 390 மீட்டர் உரசல். உருளுவதற்காகச் செய்த ரப்பரை அழிரப்பராக்கி, தார் ரோட்டில் நான்கு ஃபுட்பால் கிரவுண்டு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். ரப்பர் என்னதான் செய்யும் பாவம்.

சரி, மூன்று தடவை செய்தும் ஏன் எங்களுக்கு இந்தக் கதி? மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காரைக் காட்டினோம். அவர் மெஷின் எதையும் தொடவில்லை. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கினார், மூன்று மணி, ஒன்பது மணி இருக்கிற இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். லொடலொட. "டை ராடு எண்டு போச்சு தம்பி. இதை வெச்சிக்கிட்டு நீ அமெரிக்காவுல அலைன்மெண்ட் பண்ணாலும் நிக்காது." மொத்தம் இரண்டு நிமிஷம். நின்றுகொண்டிருக்கும்போது மானிட்டரில் பச்சை, முதல் பள்ளத்தில் இறங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி!

அளப்பதற்கு முன்னால் டயரில் காற்று சரியாக இருக்கிறதா, பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு, லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் ஆடுகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் முதல் பாதி. எங்கள் மூன்று தடவையிலும் யாரும் சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததாக அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. இருபது நிமிஷத்தில் சாவி கைக்கு வந்துவிடும். சீக்கிரம் முடித்தார்கள் என்று அப்பாவுக்கு சந்தோஷம் வேறு.

இன்னொரு ஏமாற்று, ஓட்டிப் பார்ப்பது. "ரவுண்டானா வரைக்கும் போயிட்டு வாங்க சார், ஸ்டியரிங் நேரா இருக்கும்." இருக்கும்தான். இரண்டு டை ராடையும் ஒரே அளவு, ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே திருகினால் மொத்த டோ மாறாமலே ஸ்டியரிங் நேராகிவிடும். டயர் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டை ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுகிறார்கள், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் எல்லாம் சரியாக இருக்கிற வண்டிகூட லேசாக இடது பக்கம் போகும். அதைப் பார்த்துவிட்டு "இழுக்குது" என்று ஓடிவந்து அலைன்மெண்ட் செய்கிறவர்களும் உண்டு. எண்பதில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று செய்கிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு, அலைன்மெண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக, ஓட்டிப் பார்த்துத் தெரியாது, கண்ணால் பார்த்துத் தெரியாது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. காகிதம்.

ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு முதலில் உருப்போட வைத்த சங்கதி, வவுச்சர் இல்லாத என்ட்ரியை ஒப்புக்கொள்ளாதே. அலைன்மெண்ட் மெஷின் ஒவ்வொன்றும் வேலைக்கு முன் என்ன அளவு, வேலைக்குப் பின் என்ன அளவு, கம்பெனி சொன்ன அளவு என்ன என்று மூன்றையும் அச்சடித்துக் கொடுக்கும். ஓப்பனிங் பேலன்ஸ், க்ளோசிங் பேலன்ஸ், பட்ஜெட். இதைவிட அழகான ஸ்டேட்மெண்ட் எந்தத் தொழிலில் கிடைக்கும்? மூன்றாவது தடவை நான் கேட்டேன். "பிரிண்டர்ல இங்க் இல்ல தம்பி." சரி என்று செல்போனில் ஸ்கிரீனைப் படம் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மேலே போட்டிருக்கிற கார் பெயர் எங்கள் காரே இல்லை! வேறொரு மாடலின் அளவுக்குப் பச்சை எரிந்திருக்கிறது. அன்றைக்கே திரும்பப் போய்க் கேட்டிருக்க வேண்டும். செமஸ்டர் இருந்தது, போகவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தின் விலை இரண்டு டயர், ஏழாயிரத்துச் சொச்சம். புதுச்சத்திரத்தில் பஸ் குறுக்கே இல்லாமல் அப்பா எண்பதில் போயிருந்தால் என்ன விலை என்று நான் கணக்குப் போடவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "நம்ம ரோட்டுக்கு என்ன பண்ணாலும் நிக்காதுடா." ரோடு மோசம், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முன்-அளவு வேண்டும் என்கிறேன். எந்தப் பள்ளம் எவ்வளவு தள்ளியது என்று அதில்தானே தெரியும். முன்-அளவே சரியாக இருந்தால் எதையும் தொடாமல் அனுப்பலாம், அந்தப் பணமும் மிச்சம். மற்றொன்று, "நானூறு ரூபாய் வேலைக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறியே." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பேரம் பேசி முந்நூறுக்கு இறக்குவதும் நாம்தான், அரைமணி ஆனால் முணுமுணுப்பதும் நாம்தான். கீழே படுத்து வேலை செய்கிற பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி முடித்தாய் என்பதுதான் கேள்வி. ஆனால் சக்கரத்தை ஆட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம், ஒரு தாள் அச்சடிக்க அரை நிமிஷம். அதற்கு ஐம்பது ரூபாய் கூடக் கேளுங்கள், தருகிறோம்.

சட்டமும் நம் பக்கம்தான். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த சேவைக்கு பில் கொடுக்காமலிருப்பது முறையற்ற வணிக நடைமுறை. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. டயருக்காகக் கோர்ட்டு ஏறச் சொல்லவில்லை (நானும் ஏறவில்லை, ஹி ஹி). பில்லும் பிரிண்டும் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துக் கூச்சப்படுகிறோமே, அந்தக் கூச்சத்துக்குச் சொன்னேன்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் கார் இருந்தால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து நிறுத்திவிட்டு, டயரின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் தடவாதீர்கள், கம்பி வெளியே வந்திருந்தால் கிழித்துவிடும். கார்களுக்குச் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாந்த குடும்பம் எங்களுடையது.

டை ராடு எண்டு மாற்றி, புது டயர் போட்டு, வேறு கடையில் அளந்தாயிற்று. இந்தத் தடவை தாள் கிடைத்தது, எங்கள் காரின் பெயரோடு. அப்பா அதை எல்.ஐ.சி. ரசீதுகளோடு ஃபைலில் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் அளக்க வேண்டும். போன் பண்ணி, பிரிண்டரில் இங்க் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம்.