பரங்கிப்பேட்டை இரும்பு உலை ஏன் அணைந்தது?

சிதம்பரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பரங்கிப்பேட்டை போய்ச் சேரலாம். வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது.

ஊருக்குள் நடந்தால் பள்ளிவாசல்களும் தர்காக்களும் தெரியும். ஆற்று முகத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கும். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அங்கேதான் இருக்கிறது. மீன் வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். படிக்க வந்தவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் இரும்பு உருக்கினார்கள் என்றால் பலரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அது உண்மை. கொஞ்சநஞ்சம் அல்ல, கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்கு உருக்கினார்கள். மேல்நாட்டு முறையில் பெரிய உலை வைத்து இந்தியாவில் இரும்பு உருக்கிய முதல் ஆலைகளில் இதுவும் ஒன்று. டாட்டா இரும்புக் கம்பெனி பிறந்தது 1907ஆம் ஆண்டில். பரங்கிப்பேட்டை ஆலை பிறந்ததோ 1830ஆம் ஆண்டில்!

அப்படிப்பட்ட உலை ஏன் அணைந்தது? இது வெறும் பழங்கதை அல்ல. கடலூர் மாவட்டத்தில் இன்று ஆலை வேண்டும் என்பவர்களும், வேண்டாம் என்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஒரு துறைமுகம், மூன்று பெயர்

போர்ச்சுகீசியர் இதற்கு 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தார்கள். புதிய துறைமுகம் என்று அதற்குப் பொருள். முஸ்லிம் வணிகர்கள் 'மஹ்மூது பந்தர்' என்றார்கள். பந்தர் என்றாலும் துறைமுகம்தான். பரங்கியர் வந்து இறங்கிய பேட்டை ஆனதால் தமிழ் மக்கள் 'பரங்கிப்பேட்டை' என்றார்கள்.

டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே வியாபாரம் செய்தார்கள். 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் பெரிய சண்டை நடந்ததும் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். கப்பலுக்கும் சண்டைக்கும் பேர்போன ஊருக்கு இரும்பு எப்படி வந்தது?

ஹீத் துரை

ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில், அதாவது நம் பாட்டன்மார் 'கும்பினி' என்று சொன்ன அந்தக் கம்பெனியில், உத்தியோகம் பார்த்தவர். சேலத்தில் வேலை பார்த்தபோது ஓர் அதிசயத்தைக் கண்டார்.

சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை இருக்கிறது. அந்த மலையில் இரும்புக் கல் ஏராளம். அங்கே கிராமத்துக் கொல்லர்கள் மண்ணால் சிறு உலை கட்டி, தோல் துருத்தியால் காற்று ஊதி, மரக்கரி போட்டு இரும்பு உருக்கிக் கொண்டிருந்தார்கள். அது உயர்ந்த இரும்பு. அதிலிருந்து எஃகும் செய்தார்கள். தமிழ்நாட்டு எஃகு பழங்காலம் முதலே வெளிநாட்டில் பேர் பெற்றது.

'சிறிய உலையிலேயே இவ்வளவு நல்ல இரும்பு கிடைக்கிறதே! பெரிய உலை வைத்தால்?' இதுதான் ஹீத் துரையின் எண்ணம். உத்தியோகத்தை விட்டார். கும்பினியிடம் உரிமை வாங்கினார். பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். சொந்தப் பணம் கரைந்ததும் கும்பினியார் கடன் கொடுத்தார்கள். பிறகு பங்குதாரர்கள் சேர்ந்து கம்பெனி ஆக்கினார்கள். மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஒரு ஆலை எழுந்தது.

கல் ஓரிடம், உலை ஓரிடம்

இங்கேதான் கவனிக்க வேண்டும். இரும்புக் கல் இருந்தது சேலத்தில். உலை இருந்தது பரங்கிப்பேட்டையில். இடையே ஏறத்தாழ 200 கிலோ மீட்டர்!

அந்தக் காலத்தில் ரயில் இல்லை, லாரியும் இல்லை. கல்லை மாட்டு வண்டியில் ஏற்றிக் காவிரிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து பரிசலில் ஏற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதக்கவிட வேண்டும். பிறகு கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் பரிசல் ஓடும். கோடையில் ஆறு வற்றினால் கல் வராது.

இவ்வளவு தொல்லைப்பட்டு உலையைக் கடற்கரையில் வைத்தது ஏன்? உருக்கிய இரும்பைக் கப்பலில் ஏற்ற அதுதான் வசதி. கல் இருக்கும் ஊரையும், இரும்பை வாங்கி உழும் உழவனையும் பார்த்து இடம் தேடவில்லை. இங்கிலாந்துச் சந்தையைப் பார்த்துத் தேடினார்கள்.

உலை தின்ற காடு

கல்லை விடப் பெரிய தொல்லை கரி.

இங்கிலாந்தில் 1709ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரியை விட்டுவிட்டு, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கல்கரியால் இரும்பு உருக்கிக் காட்டினார். அங்கே சுரங்கத்தில் நிலக்கரி மலிவு. அதனால் இரும்பும் மலிவு.

பரங்கிப்பேட்டை உலைக்கு மரக்கரிதான் தீனி. நாலைந்து வண்டி விறகை மூட்டம் போட்டுச் சுட்டால் ஒரு வண்டிக் கரி கிடைக்கும். உலையோ இரவு பகல் எரிய வேண்டும். அணைத்தால் உள்ளே இருக்கும் இரும்பு இறுகிப் போகும். அப்படியானால் எத்தனை மரம் வேண்டும்?

அந்நாளில் இந்தப் பகுதி தென்னார்க்காடு ஜில்லா. ஜில்லாவின் காடுகளில் விறகு வெட்ட ஆலைக்கு உரிமை கிடைத்தது. வெட்டினார்கள். பக்கத்துக் காடு தீர்ந்தது. தூரத்துக் காட்டுக்குப் போனார்கள். தூரம் கூடக் கூட வண்டிக்கூலி கூடிற்று. கூலி கூடக் கூட இரும்பின் விலையும் கூடிற்று. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளரும் வரை காத்திருக்க உலைக்குப் பொறுமை இல்லை. விதை நெல்லைக் குத்திச் சோறாக்கியவன் கதை ஆயிற்று.

வேடிக்கையைப் பாருங்கள்! பரங்கிப்பேட்டைக்கு மேற்கே, ஒரு நாள் வண்டிப் பயணத் தூரத்தில், நெய்வேலி மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி மலைபோல் கிடந்தது. அது ஹீத் துரைக்குத் தெரியாது. 1930களில்தான் அது வெளிப்பட்டது. 1956ஆம் ஆண்டில்தான் நெய்வேலிக் கம்பெனி பிறந்தது. தெரிந்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. பழுப்பு நிலக்கரி, பெரிய இரும்பு உலைக்கு வேண்டிய கெட்டியான கல்கரி ஆகாது.

இரும்பு போயிற்று, லாபம்?

பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் குறைந்தது அல்ல. இங்கிலாந்தில் எஃகுக்குப் பேர் பெற்ற ஷெபீல்டு நகரம் அதை வாங்கிற்று. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் மேல் 1850ஆம் ஆண்டில் திறந்த பிரிட்டானியா ரயில் பாலத்துக்கு இந்த இரும்பு பயன்பட்டது என்று பழைய நூல்கள் கூறுகின்றன.

ஆனால் இங்கிருந்து போனது பெரும்பாலும் கச்சா இரும்பு. அதைச் சுத்தம் செய்து எஃகு ஆக்கி, கத்தியாகவும் கருவியாகவும் விற்றவர்கள் ஷெபீல்டு முதலாளிகள். கச்சாப் பொருளுக்குக் கிடைப்பது காசு. செய்பொருளுக்குக் கிடைப்பது பணம். காசு இங்கே வந்தது; பணம் அங்கே தங்கிற்று.

ஹீத் துரைக்கே அந்தப் பணம் கிட்டவில்லை. எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக அமையும் என்று அவர் கண்டுபிடித்தார். 1839ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய முறையைச் சற்றே மாற்றி ஷெபீல்டு முதலாளிகள் கையாண்டார்கள். அவருக்குப் பணம் தரவில்லை. அவரோடு தொழில் தொடர்பு வைத்திருந்த ஒருவர் மேலேயே வழக்குப் போட வேண்டியதாயிற்று. வழக்கு இழுத்தது. 1851ஆம் ஆண்டில் ஹீத் இறந்தார். 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. ஹீத் பக்கம் தோற்றது.

1853ஆம் ஆண்டில் புதுக் கம்பெனி ஒன்று ஆலையை எடுத்து நடத்திப் பார்த்தது. பயன் இல்லை. 1860களில் உலைகள் ஓய்ந்தன. 1874ஆம் ஆண்டில் கம்பெனியும் கலைந்தது. இதற்குள் இங்கிலாந்தின் மலிவு இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதன் முன்னால் கஞ்சமலைக் கொல்லர்களின் சிறு உலைகளும் நிற்க முடியவில்லை.

நெல்லிக்குப்பம் சொல்லும் பாடம்

'அப்படியானால் இந்த மண்ணுக்கு ஆலையே ராசி இல்லையா?' என்று கேட்கலாம். அது தவறு.

கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பம் இருக்கிறது. 1840களில் அங்கே பாரி கம்பெனியார் சர்க்கரைத் தொழிலைத் தொடங்கினார்கள். பரங்கிப்பேட்டை உலை திணறிக் கொண்டிருந்த அதே காலம், அதே ஜில்லா, முதலாளிகளும் அதே வெள்ளைக்காரர்கள்தான். இரும்பு ஆலை முப்பது சொச்சம் ஆண்டில் ஓய்ந்தது. நெல்லிக்குப்பம் ஆலையோ நூறாண்டு கடந்தும் ஓடிற்று.

என்ன வித்தியாசம்? ஆலைக்கு வேண்டிய கரும்பு சுற்று வட்டாரத்து வயலிலேயே விளைந்தது. வெட்டினால் மறுபடி முளைக்கிற பயிர் அது. பிழிந்த சக்கையே கொதிகலனுக்கு எரிபொருள். கரும்பு போட்ட உழவனுக்கும் ஆலைக்கும் விலைச் சண்டை வரும், போகும். ஆனால் ஆலை இல்லாமல் உழவன் இல்லை, உழவன் இல்லாமல் ஆலை இல்லை என்ற கட்டு இருந்தது. பரங்கிப்பேட்டை உலைக்கும் அந்த ஊருக்கும் அப்படி ஒரு கட்டு விழவே இல்லை.

இன்றைக்கு என்ன?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 1980களில் வந்தது. இரசாயன ஆலைகள் பல. அவற்றால் வேலை பெற்ற குடும்பங்கள் உண்டு. காற்று நாறுகிறது, கிணற்று நீர் கெட்டது என்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வரும் குடும்பங்களும் அங்கேயே உண்டு.

அதே கடற்கரையில் ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கட்டிக் கொண்டிருக்கும்போதே 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. வேலை நின்றது. நின்றது நின்றதுதான். அந்த ஆலை ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சுத்திகரிக்கவில்லை.

நெய்வேலி நாட்டுக்கு வெளிச்சம் தருகிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் 2023ஆம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் மண் வெட்டும் இயந்திரம் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆலை வருகிறது என்றால் ஊர் மக்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: ஆலைக்கு வேண்டிய தண்ணீரும் எரிபொருளும் எங்கிருந்து வரும்? எத்தனை ஆண்டுக்கு வரும்?

இரண்டு: இங்கே செய்வது கச்சாப் பொருளா, முடிந்த பொருளா? கூடுதல் விலை யார் கைக்குப் போகிறது?

மூன்று: ஆலை மூடினால் ஊருக்கு மிஞ்சுவது என்ன? தொழில் தெரிந்த கைகளா, கெட்டுப்போன நிலமா?

பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டில் இந்தக் கேள்விகளைக் கேட்க மக்களுக்கு உரிமை இல்லை. கும்பினி வைத்ததே சட்டம். இன்று கிராம சபை உண்டு, ஓட்டு உண்டு, கோர்ட்டு உண்டு. கேட்காமல் இருந்தால் குற்றம் யாருடையது?

பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

இங்கிலாந்தில் டார்பியின் உலை இருந்த பள்ளத்தாக்கில், 1779ஆம் ஆண்டில் கட்டிய ஓர் இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. அந்த இடத்தை 1986ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கினார்கள். பழைய உலையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இது புதிது அல்ல. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையைப் பழுது பார்த்து வைத்திருக்கிறோம். மக்கள் போகிறார்கள். பரங்கிப்பேட்டையின் இரும்புக்கும் அதுபோல ஓர் இடம் வேண்டும். பெரிய செலவு வேண்டாம். ஒரு சிறு கூடம் போதும். ஒரு துண்டு கஞ்சமலைக் கல், ஒரு பரிசல், உலையின் படம், எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தமிழில் எழுதிய பலகை. தொல்லியல் துறையும் பல்கலைக் கழகமும் சேர்ந்தால் எளிதில் ஆகும் காரியம்.

அதுவரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. விடுமுறையில் சிதம்பரம் கோயிலுக்கும் பிச்சாவரம் படகுக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன. பரங்கிப்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளை வெள்ளாற்று முகத்துக்கு அழைத்துப் போய், 'இந்த வழியாகத்தான் இரும்பு கப்பல் ஏறியது' என்று காட்டலாம். 'உலை ஏன் அணைந்தது?' என்று கேட்டுப் பதில் சொல்ல வைக்கலாம். நாளைக்கு ஆலை வைக்கப் போகிறவர்களும், ஆலைக்கு நிலம் கொடுக்கப் போகிறவர்களும் அந்தப் பிள்ளைகள்தானே!