"பிசிஜி போட்டதால வீங்கியிருக்கு!"

வீட்டில் யாருக்காவது டிபி என்று தெரிந்து, கைக்குழந்தைக்கு மாண்டூ டெஸ்ட் எடுத்து, ஊசி போட்ட இடம் தடித்துவிட்டால் சிலர் சட்டென்று சொல்வது இதுதான்: "பிசிஜி போட்டதால வீங்கியிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல." ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது ஆபத்தான ஆறுதல்.

முன்கையின் உள்பக்கத் தோலுக்குள் துளி டியூபர்குலின் ஏற்றி, 48 முதல் 72 மணி நேரம் கழித்து அளக்கிறார்கள். சிவப்பை அல்ல, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக பாசிட்டிவ். கிருமி உடம்புக்குள் நுழைந்திருக்கலாம் என்பதற்கு மேல் இந்த டெஸ்ட் எதுவும் சொல்லாது. நோயாக மாறிவிட்டதா என்பது வேறு கேள்வி.

பிசிஜியும் டிபி கிருமியின் சொந்தக்காரன்தான், அதனால் தடிப்பு வரலாம் என்பது உண்மை. கடப்பாக்கத்தில் பிறக்கும் குழந்தைக்கும் பிறந்தவுடன் இடது கையில் அது போடப்படுகிறது. ஆனால் அந்தத் தாக்கம் அப்படியே நிற்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த கட்டுரை, முதல் வயதில் பிசிஜி போட்டவர்களில் பத்து வருஷம் கழித்து அதனால் மட்டும் பாசிட்டிவ் ஆவது சுமார் நூற்றில் ஒருவர்தான் என்கிறது. சின்னக் குழந்தையிடம் குழப்பம் கூடுதல், சரி. அதற்காகத் தடிப்பையே ஒதுக்கிவிடலாமா?

இந்தக் குழப்பத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பக்கம் (கடற்கரை அல்ல, உள்பகுதி) தொடங்கிய பிசிஜி ஆய்வு உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே பெரியவர்களின் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்று 1979-ல் அறிவித்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் டிபி கிருமியின் உறவுக் கிருமிகளோடு அங்குள்ளவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. அதுவும் தோலில் தடிப்பைத் தரும். ஆக, தடிப்புக்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று.

ஆனால் மூன்றில் ஒன்று குழந்தையைக் கொல்லக்கூடியது! குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டிபியை பிசிஜி பெருமளவு தடுக்கும். முழுக்கத் தடுக்காது. வீட்டில் இருமுகிறவர் இருந்தால், தழும்பைக் காட்டித் தடிப்பைத் தள்ளிவிடுவது சரியில்லை. தடிப்பே வராவிட்டாலும் நிம்மதி அடையக் கூடாது. சத்துக்குறைவான குழந்தைக்கும், சமீபத்தில் தட்டம்மை வந்த குழந்தைக்கும், கடுமையான டிபி உள்ள குழந்தைக்கும் தோல் மௌனமாக இருக்கலாம்.

டிபி நோயாளி இருக்கும் வீட்டில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானால், மாண்டூ முடிவுக்குக் காத்திராமலே தடுப்பு மருந்து தரலாம் என்பதுதான் அரசின் வழிகாட்டுதல். எனவே அந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மில்லிமீட்டர்?" என்பதல்ல. குழந்தைக்கு இருமல் இருக்கிறதா, காய்ச்சல் விடாமல் அடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்பது.