கம்பத்தின் மேல் ஒரு கடமை

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர் முன்னோர். விளக்கின் அருமை அது அணைந்த பின்னரே நமக்குப் புலனாகிறது. அதனை மீண்டும் எரியச் செய்யும் கைகளின் அருமையோ, விளக்கு எரிந்த பின்னும் புலனாவதில்லை.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் விளையும் இவ்வட்டாரத்தில் கிணற்று நீரை மேலேற்றுவது மின்மோட்டார். அதற்கு உயிரூட்டுவது வயலோரம் நிற்கும் மின்மாற்றி. 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை நம் பயன்பாட்டுக்கேற்பக் குறைத்துத் தருவது அதன் பணி. அது பழுதுற்றால் பயிர் வாடும். குடிநீர்த் தொட்டி வறளும். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் மெழுகுவத்தியைத் தேடுவான். அவ்வேளையில் மின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சினந்து பேசுகிறோம். மின்சாரம் வந்ததும் அனைத்தையும் மறந்துவிடுகிறோம்.

"ஊதியம் பெறுகின்றனரே, நன்றி எதற்கு?" என வினவுவோர் உளர். அவர்கள் 2018 நவம்பர் 16ஆம் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்பணியாளர்கள் அங்கு விரைந்தனர். சேற்று வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்டனர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஃபெஞ்சல் புயலின் பெருமழை நம் திருவண்ணாமலையையே உலுக்கியது. மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். ஊரார் வீட்டுக்குள் ஒடுங்கும் இத்தகைய நாட்களில்தான் உதவிப் பொறியாளரும், மின்பாதை ஆய்வாளரும், கம்பியாளரும், களப்பணி உதவியாளரும் வீட்டைவிட்டு வெளியே புறப்படுகின்றனர். இத்துணிவுக்கு ஊதியம் ஈடாகுமா?

ஆயினும், வாய்ச்சொல்லால் கூறும் நன்றி மட்டும் போதாது. கம்பியாளர் கம்பத்தில் ஏறுமுன் மின்னோட்டத்தைத் துண்டித்து, பணி அனுமதி பெற்று, கம்பிகளுக்கு நிலத்தொடர்பு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கு நேரம் ஆகும். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நாம் அவரை நெருக்கினால், விதியை மீறுமாறு தூண்டுகிறோம் என்பதே பொருள்.

மற்றொரு பேராபத்தும் உண்டு. திருமண மண்டபத்திலோ வீட்டிலோ ஜெனரேட்டரை இயக்குவோர், மாற்றுச் சுவிட்ச் இன்றி அதனை இணைத்துவிட்டால், அம்மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாயும். மின்மாற்றியை அடைந்தால் அங்கு உயரழுத்தமாக மாறும். மின்சாரம் இல்லை என நம்பிக் கம்பியைத் தொடுபவர் உயிர் நொடியில் பறிபோகக்கூடும். நம் வீட்டின் வெளிச்சம் பிறர் வீட்டை இருளாக்கலாமா?

ஊர்ப் பெரியோர்களே! ஜெனரேட்டர் உள்ள இடங்களில் மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா என உறுதி செய்யுங்கள். கையுறையும் இடுப்புப் பட்டையும் நிலத்தொடர்புக் கோலும் ஒவ்வொரு களப்பணியாளருக்கும் கிடைக்க வேண்டும் என உரியவர்களிடம் வலியுறுத்துங்கள். ஆசிரியப் பெருமக்களே! அடுத்த கல்லூரி விழாவில் ஒரு கம்பியாளரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துங்கள். மாணவச் செல்வங்களே! அடுத்த முறை மின்சாரம் தடைப்படும்போது சினத்தை அடக்குங்கள். உங்கள் பொறுமை ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் காக்கும்.