சாக்கடையில் கலக்கும் பாதரசம்... பல் கிளினிக்குகளுக்கு அமெரிக்கா போட்ட விதி என்ன?

சொத்தைப் பல்லை அடைக்க 'வெள்ளி ஃபில்லிங்' வைப்பாங்களே, அதில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம்தான். அமால்கம் என்று பெயர். பழைய ஃபில்லிங்கை டிரில் செய்து எடுக்கும்போது வரும் துகள்கள், உறிஞ்சு குழாய் வழியாக நேராகச் சாக்கடைக்குப் போய்விடும்.

அதான் சுத்திகரிப்பு நிலையம் இருக்கே என்று கேட்கலாம். இருக்கிறது. அமால்கம் துகள்களில் சுமார் 90 சதவீதம் அங்கே கசடில் படிந்துவிடும். ஆனால் அந்தக் கசடை எரித்தால் பாதரசம் காற்றில் கலக்கும், வயலில் கொட்டினால் மண்ணில் சேரும். நீர்நிலைக்குப் போய்ச் சேர்வதை நுண்ணுயிரிகள் மெத்தில் மெர்குரியாக மாற்றும். அது மீன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்கே வரும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நச்சு அது.

இதைத் தடுக்கும் கருவி ரொம்ப சிம்பிள். உறிஞ்சு குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவில் 'செபரேட்டர்' என்ற டப்பா. தண்ணீர் போய்விடும், கனமான துகள்கள் அடியில் தங்கிவிடும். குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி. இதனால் ஆண்டுக்கு 5.1 டன் பாதரசம் குறையும் என்பது அதன் கணக்கு. உறிஞ்சு குழாயை ப்ளீச் ஊற்றிக் கழுவவும் தடை, ஏனென்றால் படிந்திருக்கும் பாதரசத்தை அது கரைத்துவிடும்.

இவ்வளவு சாதாரண விதியும் அரசியலில் மாட்டியது. 2016 டிசம்பரில் கையெழுத்தான விதி, அடுத்த மாதம் டிரம்ப் பதவியேற்றதும் நிறுத்தி வைக்கப்பட்டது. பல் மருத்துவர்கள் சங்கமே ஏற்றுக்கொண்ட விதி அது! என்ஆர்டிசி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு கோர்ட்டுக்குப் போன பிறகு, 2017 ஜூனில் வெளியானது. ஏற்கெனவே இயங்கிவந்த கிளினிக்குகளுக்கு 2020 ஜூலை வரை அவகாசம்.

அமால்கத்தையே நிறுத்திவிட்டால்? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2034 வரை கெடு வைத்திருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே கோடிக்கணக்கானவர்களின் வாயில் இருக்கும் ஃபில்லிங்குகள் என்றைக்காவது வெளியே வந்துதானே ஆகணும்? அப்போதும் இந்த டப்பா தேவை.

சிக்கல் பராமரிப்பில்தான். டப்பா நிறைந்ததும், அல்லது தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள், மாற்ற வேண்டும். ஆனால் கிளினிக்குகள் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியது ஒரே ஒரு முறைதான். அதன்பிறகு மாற்றியதற்கான பதிவுகளை 3 ஆண்டு கையில் வைத்திருந்தால் போதும். யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டும்.