நெலம் நம்மது, குழாயோட ரகசியம் மட்டும் அவங்களதா?

வயலுக்கு அடியில் குழாய் போகிறது. மேலே ஒரு கல்லை நட்டு எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே இரும்பு எவ்வளவு தேஞ்சிருக்கு, கடைசியா எப்ப சோதிச்சாங்க என்பது மேலே குடியிருக்கிறவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்தை வாங்குவதில்லை; 'பயன்படுத்தும் உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா நம்ம பேர்லதான் இருக்கும். ஆனால் அதில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பயிர்ச் சேதத்துக்குத் தனியாகத் தருவது போக, இந்த உரிமைக்கு ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஆபத்து மட்டும் முழுசா நமக்கு.

குழாயின் வெளிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு பூசுகிறார்கள், மின்சாரம் செலுத்திக் காக்கிறார்கள். அதெல்லாம் மேல்தோலுக்கு. உள்ளே கதை வேறு. எண்ணெயோடு தண்ணீரும் வண்டலும் வருகின்றன. ஓட்டம் மெதுவானால் தண்ணீர் பிரிந்து பள்ளமான இடங்களில் அடியில் தேங்குகிறது. கரியமில வாயு அதில் கரைந்து அமிலமாகிறது. வண்டலுக்கு அடியில் பாக்டீரியா பெருகி இரும்பைக் குழிகுழியாக அரிக்கிறது. வெளியே தோண்டிப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க வழியில்லையா? இருக்கு. 'பிக்' என்ற கருவியைக் குழாய்க்குள் விட்டால் எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு வகை, வண்டலைச் சுரண்டி எடுக்கும். இன்னொரு வகை, இரும்பைக் காந்தமாக்கி, காந்தப்புலம் கசியும் இடத்தை வைத்து எங்கே சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பதிவு செய்யும். வளைவு கடுமையான, விட்டம் மாறுகிற பழைய குழாய்களில் பிக் போகாது. அங்கே தண்ணீர் தேங்கும் பள்ளங்களைக் கணக்கிட்டுத் தோண்டி, அல்ட்ராசோனிக் கருவியால் சுவரை அளக்கலாம்.

வழி இருந்தும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? அலாஸ்காவில் புருதோ விரிகுடா எண்ணெய் வயலில் பி.பி. கம்பெனி ஒரு குழாயில் 1998க்குப் பிறகு பிக் விடவில்லை. 2006 மார்ச்சில் உள்ளரிப்பால் ஓட்டை விழுந்து 2 லட்சம் கேலனுக்கு மேல் கச்சா எண்ணெய் பனிவெளியில் கொட்டியது. 2007இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் கட்டியது.

அங்கே கொட்டியது பனியில். ஆந்திராவில் கோனசீமாவின் நகரம் கிராமத்தில் வெடித்தது ஊருக்குள். 2014 ஜூன் 27 விடியற்காலை, கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பிடித்தது. 20க்கும் மேற்பட்டோர் வெந்து செத்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரமான வாயுவை அனுப்பியதும், அந்த ஈரம் உள்ளே அரித்ததும் பிறகு விசாரணையில் வெளிவந்தன. செத்த பிறகு கிடைத்த அறிக்கையால் செத்தவனுக்கு என்ன பயன்?

நம்ம பக்கம் கதிராமங்கலம். 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் வயலில் கசிந்தது. கலெக்டர் வந்து பதில் சொல்லணும் என்றார்கள் மக்கள். வந்தது தடியடி, கைது.

"இது டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்பார்கள். புரியாமல் என்ன? "ஜனங்க பயந்துடுவாங்க" என்பார்கள். தெரிந்து பயப்படுவது நம்ம உரிமை. தெரியாமல் வேகறதுதான் கொடுமை. நாலே கேள்வி கேட்போம். இந்தக் குழாயில் கடைசியாக எப்போது பிக் விட்டார்கள்? பிக் போகாத பகுதி எது? சுவர் எத்தனை மில்லிமீட்டர் போட்டது, இப்போது எத்தனை மிச்சம்? எப்போது மாற்றுவார்கள்?

கெயிலும் ஓ.என்.ஜி.சி.யும் பொதுத்துறை நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும். வணிக ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிது என்றால் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதைக் காட்டுங்கள். பொறியியல் படிக்கும் தோழர்களே, விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். வருகிற பதிலைத் தமிழில் ஊருக்குப் படித்துச் சொல்லுங்கள். அந்த அறிக்கை ஒட்டப்பட வேண்டிய இடம் கம்பெனி பீரோ அல்ல, ஊராட்சி ஆபீஸ் சுவர்.