எட்டு மணி நேரமா... எந்த ஊர்ல?

ஜூலை மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் அதிகம் வாய் திறக்க மாட்டோம். என் வீட்டுக்காரர் முப்பது வருடமாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறார். வழக்கமாக ஜூலை 31-தான் கடைசித் தேதி. 30-ம் தேதி ராத்திரி அவர் அலுவலகத்துக்கு டிபன் கேரியரில் தோசை போகும். கேரியர் திரும்பி வரும்போது பொழுது விடிந்திருக்கும். சில வருடம் தோசையும் அப்படியே திரும்பி வரும்.

அதனால் எங்களுக்குத் தீபாவளி ஆகஸ்டில். இங்கே புதுச்சேரியில் அவர்களுடைய தொழில் சங்கம் அப்போதுதான் ஆண்டு விழா வைக்கும். இந்த முறை வெள்ளி விழா என்பதால் குடும்பத்தோடு கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஆடிட் வேலை பார்க்கும் என் பெண்ணும் வந்திருந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தோளில் லேப்டாப் பையையும் மாட்டிக்கொண்டாள். "விழாவுக்கு எதுக்குடி இது?" என்றேன். "கூப்பிட்டா ஓப்பன் பண்ணணும்மா" என்றாள்.

மண்டபத்தில் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் வரிசையாக நடந்தன. சங்கத்தின் மூத்தவர் ஒருவர் பேசும்போது, "நாம நேரம் காலம் பார்க்காம உழைக்கிறவங்க. நமக்குக் கடிகாரமே தேவையில்லை" என்றார். நல்ல கைதட்டல். அடுத்த பத்தாவது நிமிடம் உறுப்பினர்களுக்கு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால், சுவர்க் கடிகாரம்! எங்கள் வரிசையில் இருந்த பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நாடகம். உறுப்பினர்களின் பிள்ளைகளும், தெருக்கூத்து தெரிந்த இரண்டு கலைஞர்களும் சேர்ந்து போட்ட முக்கால் மணி நேர இசை நாடகம். ஆர்மோனியம், மிருதங்கம், ஒரு கட்டியங்காரன். கதை, மக்கள் தலைவர் வ.சுப்பையாவுடையது.

தலைவர்களைப் பற்றிப் பாட்டும் கூத்துமாக மேடையேற்றுவது இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்க அரசியல் தலைவர் ஹாமில்டன் பற்றிய இசை நாடகம் 2015-ல் நியூயார்க்கில் சக்கைப்போடு போட்டது. அதே வருடம் சிங்கப்பூரில் லீ குவான் யூ பற்றி ஒன்று வந்தது. நம் ஊருக்கு இது புதிது இல்லை. இசை நாடகங்களின் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

சுப்பையாவை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 1911-ல் இங்கே பிறந்தவர். 1934-ல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கியபோது அவருக்கு 23 வயது. காந்தி அந்த வருடம் புதுச்சேரிக்கு வந்ததற்குப் பின்னால் அவருடைய முயற்சி இருந்தது. அப்போது இங்கே பிரெஞ்சு ஆட்சி. ஊரின் பெரிய பஞ்சாலைகளில் தொழிலாளர்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தார்கள். அவர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டத்தான் சுப்பையா இறங்கினார்.

மேடையில் அந்தக் கட்டம் வந்தது. தொழிலாளியாக நடித்த பையன் மில் வாசலில் நின்று, "எங்களுக்கு எட்டு மணி நேர வேலை வேணும்" என்கிறான்.

"எட்டு மணி நேரமா... எந்த ஊர்ல?" என்றாள் என் பெண், சற்றுச் சத்தமாகவே. எங்களைச் சுற்றி இருந்த இளசுகள் எல்லாம் குபீரென்று சிரித்தார்கள். அவர்களும் ஆடிட், ஐ.டி., வங்கி என்று வேலை பார்க்கிறவர்கள்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மேடையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்த நிமிடம் அவள் போன் அதிர்ந்தது. லேப்டாப் பையோடு வெளியே போனாள்.

அவள் போனதும் மேடையில் விளக்கு குறைந்தது. மிருதங்கம் நின்றது. கட்டியங்காரன் அதுவரை அடித்த கோமாளித்தனத்தை விட்டுவிட்டுத் தேதியைச் சொன்னான். 1936 ஜூலை 30.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலை 30! எங்கள் வீட்டில் தோசை கேரியர் போகும் ராத்திரி. சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி, பன்னிரண்டு பேர் செத்துப்போன நாள். மேடையில் பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, தலையில் போட்ட துண்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். வெடிச்சத்தம்கூட வைக்கவில்லை.

அப்புறம் கட்டியங்காரன் இன்னொரு கணக்கையும் சொன்னான். அதற்கு முந்தைய மாதம்தான், 1936 ஜூனில், பிரான்ஸில் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேர வேலை, வருடத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அதே கொடி பறந்த நம் ஊரில் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்டதற்குக் குண்டு.

அந்த ரத்தம் வீண்போகவில்லை. சுப்பையா பிரான்ஸுக்கே போய் வாதாடினார். 1937-ல் புதுச்சேரித் தொழிலாளர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் சட்டமாக வந்தன. ஆசியாவிலேயே நமக்குத்தான் முதலில் கிடைத்தது என்று இங்கே பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

நாடகத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. கடைசிக் காட்சியில் சுப்பையாவுக்கு மாலை போட்டுப் பாடினார்கள். பாட வேண்டியதுதான். அந்தப் பன்னிரண்டு பேரின் பெயரையும் ஒரு அடியில் சேர்த்துப் பாடியிருக்கலாம். அவர்கள் இல்லாமல் அந்தத் தலைவர் ஏது?

சாப்பாட்டுப் பந்தியில்தான் என் பெண் திரும்பி வந்தாள். "நாடகம் முடிஞ்சுடுச்சா? கடைசில என்னம்மா ஆச்சு?" என்றாள். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கடலூர் சாலை வழியாகப் போகச் சொன்னேன். சுதேசி மில் பக்கத்தில் தியாகிகள் நினைவிடம் இருக்கிறது. சவானா மில்தான் பிறகு சுதேசி மில் ஆனது. ஒவ்வொரு ஜூலை 30-ம் அங்கே மாலை போடுவார்கள். நாங்களும் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம், 'இன்னைக்கு என்ன டிராபிக்' என்று சலித்துக்கொண்டே. வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் பார்க்காத காட்சியைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "தாத்தா மில்லுலதானே வேலை பார்த்தார்? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டாள்.

சட்டென்று பதில் வந்தது எனக்கு. மூன்றரை மணி. அப்பா 1950-களில் தறி ஓட்டச் சேர்ந்தவர். முதல் ஷிஃப்ட். சங்கு ஊதினால் அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். அப்பா முகம் கழுவி, டீ குடித்து, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, எங்களோடு உட்கார்ந்து தாயம் ஆடியது எல்லாம் அந்த மூன்றரைக்கு மேல்தான். பணம் அதிகம் இல்லாத வீடு. ஆனால் அப்பா இருந்த வீடு.

அந்தச் சாயங்காலங்கள் தானாக வந்தவை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்னாலேயே பன்னிரண்டு பேர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் நாராயணமூர்த்தி சொன்னபோது, 'உழைச்சாத்தானே முன்னேற முடியும்' என்று நானும் தலையாட்டியவள்தான். உழைப்பு வேண்டாம் என்று இப்போதும் சொல்லவில்லை. கடைசித் தேதி நெருங்கும்போது என் வீட்டுக்காரர் கண்விழிக்கத்தான் வேண்டும். வருடத்தில் ஒரு ராத்திரி கண்விழிப்பது வேறு. எல்லா ராத்திரியும் அப்படியே ஆகி, அதையும் சாமர்த்தியம் என்று மேடையில் கைதட்டுவது வேறு.

என் பெண் மறுநாளே வேலையை மாற்றிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. திங்கள் காலை பஸ்ஸில் லேப்டாப்போடுதான் போனாள். ஆனால் அந்த வாரம் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குப் போன் செய்தாள். பின்னால் குக்கர் விசில் சத்தம். "ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டேம்மா. இன்னைக்கு நானே சமைக்கிறேன். தாத்தாவுக்குப் பிடிச்ச மொச்சைக் குழம்புக்கு எவ்வளவு புளி?" என்றாள்.

எலுமிச்சை அளவு என்றேன்.

அந்த நினைவுப் பரிசுக் கடிகாரத்தை என் வீட்டுக்காரர் பரண்மேல் வைக்கப் போனார். வாங்கி, பேட்டரி போட்டு, அவர் அலுவலகத்தில் மேஜைக்கு எதிரே மாட்டச் சொல்லிவிட்டேன். அடுத்த ஜூலை 30 ராத்திரியும் தோசை போகும். ஆனால் கேரியரோடு நானும் போவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?